மிளகுக் கோட்டில் ஒரு மேடு

என் தொழிலை அம்மா எல்லோரிடமும் "வயர் வரையிற வேலை" என்றுதான் சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதை வரி வரியாக எழுதுவார்கள். நான் படமாக வரைவேன். திரையில் ஒரு பெட்டி வெப்பத்தை அளக்கும், இன்னொன்று கணக்குப் பார்க்கும், மூன்றாவது ஹீட்டரைப் போட்டு நிறுத்தும். பெட்டிக்குப் பெட்டி வயர் இழுத்துவிட்டால் அதன் வழியே எண்கள் ஓடும். கவனிக்காமல் விட்டால் எல்லாம் இடியப்பமாகிவிடும். அதனால் வயர்களை நேராக்கி வைப்பதில் எனக்கு ஒரு கிறுக்கே உண்டு. வீட்டில் என் அலுமாரியைத் திறந்து பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அப்போது மாத்தளை டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். மிளகு காயவைக்கும் மெஷின் ஒன்று செய்தோம். முதலில் அதை என் லாப்டாப்பிலிருந்து ஓட்டிப் பார்ப்பது, சரியாக ஓடினால் நான் வரைந்த அதே படத்தை உள்ளங்கை அளவுப் போர்டு ஒன்றில் ஏற்றி மெஷினுக்குள்ளேயே பூட்டிவிடுவது என்று ஏற்பாடு. கம்பெனியில் அதை வைக்க இடம் இல்லை. பல்லேபொலயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருந்தது, கொடி நிறைய மிளகும் இருந்தது.

மெஷினை அங்கே இறக்கிவிட்டுப் போகும்போது முதலாளி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை முழுக்க ஓடட்டும். சூடு அம்பத்தஞ்ச விட்டு அசையக்கூடாது. லாப்டாப்புல சூட்டுக்கு ஒரு கோடு விழும்ல, அந்தக் கோட்டத்தான் மெஷின் வாங்கப்போறவருக்குக் காட்டுவேன். அவர் வாங்கினா ஒங்க வேலை நிரந்தரம்."

வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதை அம்மா சொன்னார்: "வாங்கலன்னா இந்த வயரெல்லாம் போதும். டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதை அம்மா எனக்கு வெள்ளிக்கிழமை தெரிவித்தார். அன்றைக்கு மெஷின் ஓட வேண்டுமே என்றேன். மெஷினுக்கு நல்ல நேரம் பார்க்கத் தேவையில்லை, மனிதர்களுக்குத் தேவை என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சேலையைக் கட்டினேன்.

கொட்டிலிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாகச் சமையலறைக்கு வந்து, மேசையில் வடை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த லாப்டாப்பில் முடிந்தது. பதினொரு மணி வரைக்கும் கோடு நூல் பிடித்ததுபோல் போனது. மாப்பிள்ளை வீட்டார் முன்னறையில் கதிரைகளில் உட்கார்ந்து வழியில் பட்ட பஸ் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பிளேன்டீயைக் கொடுத்து, எல்லோரையும் அரைப் பார்வை பார்த்துவிட்டு, கோட்டிடம் திரும்பிவிட்டேன்.

தண்ணீர் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா சமையலறைக்குள் வந்தார். திரையைப் பார்த்ததும் தண்ணீரை மறந்துவிட்டார்.

"என்னா புள்ள இது, கோலமா?"

அதுவரை என் வேலையைப் பற்றி வீட்டுக்கு வந்த யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிகளைக் காட்டினேன், வயர்களைக் காட்டினேன், இதற்குள்ளேதான் எண்கள் ஓடுகின்றன என்றேன்.

"ஓடுறது கண்ணுக்குத் தெரியலியே."

தெரியவைக்க ஒரு வழி இருக்கிறது. மேலே ஒரு பல்பு படம் இருக்கும். அதை அழுத்தினால் எண்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக வயர்களில் ஊர்ந்து போவது தெரியும். பிழை தேடுவதற்காக வைத்தது அது. அழுத்தினேன். உருண்டைகள் ஊர்ந்தன.

"எல்லாரும் இங்க வாங்க, இத வந்து பாருங்க" என்று அவர் கூப்பிட்டார். முன்னறை முழுவதும் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் என்னைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

மாப்பிள்ளை மட்டும் உருண்டைகளைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இது ஏறிக்கிட்டே போகுதுங்களே. ஏறணுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்பை அழுத்தினால் எல்லாமே ஆமை வேகத்துக்கு வந்துவிடும். நொடிக்கு நொடி சூட்டைப் பார்த்து ஹீட்டரை நிறுத்த வேண்டிய படம், ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தது. பல்பை அணைத்தேன். ஹீட்டர் நின்றது, ஆனால் உள்ளே ஏறிய சூடு இறங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினேன். பின்னாலேயே மாப்பிள்ளையும் ஓடிவந்து எனக்கு முன்னால் மெஷினின் கதவைப் பிடித்தார்.

"முழுசாத் தொறங்க. பாத்துக்கிட்டு நிக்காதீங்க" என்று கத்திவிட்டேன்.

திறந்தார். மிளகு ஆவி மொத்தமும் அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்தது. அவர் தும்மினார், நான் தும்மினேன், ஜன்னலில் நின்றவர்கள் வரிசையாகத் தும்மினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சமையலறைக்குத் திரும்பிப் பார்த்தபோது, முள் ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றிருந்தது. மிளகு தப்பியது. கோடுதான் போய்விட்டது. நேராக வந்த கோட்டின் நடுவில் ஒரு மேடு எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "அந்த மேட்ட மட்டும் அழிச்சிட ஏலாதா, புள்ள?"

ஏலும். வயரை வெட்டி நடுவில் ஒரே ஒரு பெட்டியைச் செருகினால் மேடு வழுவழுவென்று மறைந்துவிடும். அதைச் செய்யக் கையும் போனது. அந்தக் கோட்டைத்தான் நம்பி ஒருவர் மெஷின் வாங்கப்போகிறார் என்று நினைத்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"உள்ளதத்தான் காட்டணும் ஆன்ட்டி" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சிரித்தபடி ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

மாலையில் கோட்டை முதலாளிக்கு அனுப்பினேன். மேட்டுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்: பெண் பார்க்க வந்தவர்களுக்குப் படம் காட்டியதால்.

மறுநாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிற்பகலில் முதலாளி பேசினார்.

"நேர் கோட்ட எல்லாரும் கொண்டாந்து காட்டுறாங்களாம். வாங்க வந்தவரோட ஸ்டோர்ல ஆளுங்க சும்மா சும்மா கதவத் தொறக்குறாங்க. சூடு கலைஞ்சா திரும்பி ஒழுங்குக்கு வருமான்னுதான் அவருக்குத் தெரியணுமாம். அது ஒங்க மேட்டுல இருக்கு. வாங்கிட்டாரு." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அது சரி, மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

அன்று மாலை மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவோடு பேசினார். போனை அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "புள்ள வேலைய விடணும்னெல்லாம் எங்களுக்கு இல்ல. கதவத் தொறக்க ஆள் தேவப்பட்டா இவன் வர்றானாம்."

எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருப்பது போட்டோ இல்லை, அந்தக் கோடு. பார்க்கிறவர்கள் கேட்டால், அது ஏறிப்போய் இறங்கத் தொடங்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுவேன். அந்த இடத்தில்தான் அவர் கதவைத் திறந்தார்.