கற்பிட்டிக்கு அனுப்பிய படிவம்

என் மனைவி இருபத்திரண்டு வருடமாகப் பவளப்பாறை படிப்பிக்கிறாள். உடையார்கட்டிலிருந்து புதுக்குடியிருப்புக்கு ஸ்கூட்டியில் போய், அது கல்லும் இல்லை செடியும் இல்லை, விலங்கு என்று பிள்ளைகளை நம்பவைப்பது அவளுடைய உத்தியோகம். செடி என்று எழுதிய விடைத்தாளை அவள் சிவப்புப் பேனையால் கீறுகிற கீறலைப் பார்த்தால் நான் அன்றைக்குச் சோறு போதும் என்று எழும்பிவிடுவேன். ஆனால் ஒரு பவளப்பாறையைக்கூட அவள் நேரில் கண்டதில்லை. ஒருநாள் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "நீங்கள் பாத்திருக்கிறியளோ, ரீச்சர்?" என்று கேட்டுவிட்டது. அன்று வந்தவள் சேலைகூட மாற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து, "சித்திரை லீவுக்கு நான் கடலுக்குக் கீழ போறன்" என்றாள். அது அறிவித்தல். என் சம்மதத்துக்கு அதில் இடம் விடப்படவில்லை.

எங்கே போவது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. நான் புறாத்தீவுக் கட்சி. நிலாவெளியில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் தீவு. இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தால் பாறை. பொழுதுபட முதல் வீட்டுக்கு வெளிக்கிட்டு விடலாம். அவள் கற்பிட்டிக் கட்சி. அங்கே பாறை நடுக்கடலில் இருக்கிறது. முதுகில் சிலிண்டரைக் கட்டி ஆட்களை ஆழத்துக்கு இறக்குவார்கள்.

"உங்கடை புறாத்தீவில சனம் மிதிச்சு மிதிச்சே அரைவாசியைக் கொண்டுபோட்டுது. மிச்சமும் வெளிறிப்போய்க் கிடக்காம். செத்ததைப் பாக்கவோ நான் போறது?"

"கீழ போன இடத்தில ஒட்சிசன் முடிஞ்சால் என்ன செய்வீர்?"

"அது ஒட்சிசன் இல்லை. அமுக்கி அடைச்ச சாதாரண காத்து."

எங்கள் வீட்டு விவாதங்களில் நான் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

உண்மைக் காரணம் வேறு. எனக்குக் கடல் பயம். நான் வயல்காரன். குளத்துக்கு ஒரு அக்கரை உண்டு, நின்று பார்த்தால் அங்கே மேய்வது யாருடைய மாடு என்று சொல்லலாம். கடலில் அந்த வசதி இல்லை. இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால், சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுகிற நாள், அனுராதபுரத்து வெயில், புத்தளம் பஸ் என்று கண்ட கண்ட காரணங்களை அடுக்கினேன். அவள் அதில் பாதியைத்தான் கேட்டாள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லோடு அவளுடைய வலது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. எங்கள் தாம்பத்தியம் சண்டை குறைவாக ஓடுவதற்கு நான் எப்போதும் அவளுடைய வலப்பக்கத்தில் நின்று முணுமுணுப்பதும் ஒரு காரணம்.

கற்பிட்டி வென்றது. அங்கே ஆட்களைக் கடலுக்குள் இறக்குகிற சுழியோடி நிலையம் ஒன்றுக்கு அவள் போனில் கதைத்தாள். அவர்கள் வாட்ஸப்பில் ஒரு மருத்துவப் படிவம் அனுப்பினார்கள். அவள் தவணைப் பரீட்சைத் தாள்களுக்குள் புதைந்திருந்தாள். "இஞ்சாருங்கோ, இதை ரெண்டு பேருக்கும் நிரப்பி அனுப்பிவிடுங்கோ" என்று என்னிடம் தந்தாள்.

படிவம் நிரப்புவதில் எங்கள் பக்கத்துச் சனத்தை யாரும் அடிக்க முடியாது. மீள்குடியேறிய காலத்தில் கூரைத் தகரத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று என்று நிரப்பி நிரப்பிக் கை பழகிவிட்டது. ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. கஷ்டத்தைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். போட்டோக் கொப்பி இணைக்க வேண்டும், கிராம சேவையாளரின் சீல் வேண்டும். "இல்லை" என்று எழுதியவனுக்கு ஒரு தகரமும் கிடைத்ததில்லை. வன்னியில் ஒருவன் படிவத்தில் "இல்லை" என்று எழுதினால் அவன் பொய்யன், அல்லது வேறு மாவட்டத்துக்காரன்.

அப்படிப்பட்ட கையில் இந்தப் படிவம் கிடைத்தது. காதில் காயம் பட்டதா, நெஞ்சில் பட்டதா, சத்திரசிகிச்சை நடந்ததா, மயங்கி விழுந்ததுண்டா? எந்த நிவாரணப் படிவமும் இவ்வளவு அன்பாகக் கேட்டதில்லை. மனைவியின் காதை விபரமாக எழுதினேன். என் தொடைக்குள் இன்னும் கிடக்கிற செல் துண்டை எழுதினேன். யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் அவள் இரண்டு தரம் மயங்கி விழுந்ததை எழுதினேன். இடம் போதாமல் மேலதிகத் தாள் ஒன்று வைத்து, பசு முட்டியதையும் சேர்த்தேன். கிளினிக் கொப்பியைப் பிரதி எடுத்துக்கொண்டு கிராம சேவையாளரிடம் போனேன்.

"இது என்ன நட்டஈட்டுக்கு, அண்ணை?" என்று கேட்டார்.

"கடலுக்குக் கீழ போறதுக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், படிவத்தை ஒருமுறை பார்த்தார். "எத்தினை தரம் இடம்பெயர்ந்தனீங்கள் எண்டதையும் போடுங்கோ, கனதியா இருக்கும்" என்று சொல்லி சீல் குத்தினார். போட்டேன். எல்லாவற்றையும் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பினேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. காதுச் சவ்வு கிழிந்தவர்களை நீரின் அழுத்தத்துக்குள் இறக்க மாட்டார்களாம். என்னையும் இறக்க மாட்டார்களாம். நாங்கள் இருவரும் விரைவில் குணமடைய வாழ்த்தியிருந்தார்கள்.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். "எல்லாத்துக்கும் இல்லை எண்டு போட்டிருந்தா நான் போயிருப்பன்."

"செத்திருப்பீர்."

"பாத்திட்டுத்தானே செத்திருப்பன்."

பிறகு, "வேணுமெண்டே எழுதினனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது சத்தியம். ஆனால் அந்தப் பதிலை வாசித்தபோது எனக்குள் வந்தது நிம்மதி. அதை அவள் என் முகத்தில் கண்டுவிட்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாலு நாள் அவள் என்னோடு கறிக்கு உப்புப் பற்றி மட்டும் கதைத்தாள். ஐந்தாம் நாள் தானாகவே கிளிநொச்சிக்குப் போய்க் காது டொக்டரைக் கண்டாள். வலது காதை நன்றாக அடைத்துக்கொண்டு மேலே மிதக்கலாம், தலை ஒரு முழம்கூடக் கீழே போகக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். புறாத்தீவு வென்றது. இவ்வளவு கேவலமாக நான் வேறெதிலும் வென்றதில்லை.

சித்திரை லீவு, தீவில் திருவிழாச் சனம். கரை முழுக்கச் செத்த பவளத் துண்டுகள், காலை வைக்க முடியாத குத்தல். இருவரும் மிதவை அங்கியும் கண்ணாடியும் மாட்டினோம். மனைவி கவிழ்ந்து படுத்தாள். நான் மார்பளவு தண்ணீரில் நின்று அவளுடைய அங்கியின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது, "உயிரோட இருக்கு" என்றாள். கண்ணாடிக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு அவள் தள்ளித் தள்ளிப் போனாள். வாரை விடாமல் நானும் மிதந்து பின்னால் போனேன். ஓரிடத்தில் பாறை சரிந்து இருட்டு நீலத்துக்குள் இறங்கியது. அதற்கு நேர்மேலே அவள் நின்றுவிட்டாள்.

"கீழ போகுது. இஞ்சயிருந்து சரியாத் தெரியேல்லை."

"போதும், வாரும்."

"நீங்கள் போய்ப் பாத்து வந்து சொல்லுங்கோ."

"எனக்குக் கடல் பயம்" என்றேன். இருபது வருடத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்து, முதல் தடவையாக.

"தெரியும்" என்றாள். "போங்கோ."

என் அங்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு மூச்சை இழுத்துக் கீழே போனேன். மேலே வந்து, மான் கொம்புபோலக் கிளைவிட்டு ஒன்று நிற்கிறது என்றேன். நுனி என்ன நிறம் என்று கேட்டாள். பார்க்கவில்லை. திரும்பப் போனேன். மூக்குக்குள் உப்புத் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு மேலே வந்து, "நுனி நீலம்" என்றேன்.

அவள் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். நுனி நீலம் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அதுக்குக் கீழ?" என்றாள்.