கூஜாவை உள்ளே வைத்த வருஷம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம், எங்கள் பெண்கள் பள்ளிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிய தலைமையாசிரியை ஒருவர் வந்தார். நான் அங்கே ஓவிய ஆசிரியை. மேஜைமேல் ஒரு பித்தளைக் கூஜாவை வைத்து, அதைப் பார்த்து வரையச் சொல்வதுதான் என் பாடம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் என் வகுப்பைப் பார்த்துவிட்டு, “இதுல பிள்ளைங்க கற்பனை எங்கங்க இருக்கு? அந்தக் கூஜாவை முதல்ல எடுத்து உள்ள வைங்க” என்றார். அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள், “மனசுக்குத் தோணுறதை வரையுங்க” என்றேன். எல்லோருக்கும் ஒன்றே தோன்றியிருந்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு வீடு. காரைக்காலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், இல்லாவிட்டால் கடல்.

“உங்கள்ல யாராவது மலையைப் பார்த்திருக்கீங்களா?”

“இல்லைங்க டீச்சர். பார்க்காததை வரைஞ்சாத்தானே கற்பனை?” என்றாள் முன்வரிசைப் பெண்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் நானும் மனசுக்குத் தோன்றியதை வரைய உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மலை வந்துவிட்டது. என் மலையில் நிழல் ஒழுங்காக விழுந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் அன்றைக்குத் தாளைக் கொடுக்கவில்லை. சில நாள் கழித்துக் கொண்டுவந்தாள். முழுக்கக் கரி பூசிய தாள். உற்றுப் பார்த்தால் நடுவில் வளைவாக ஒரு வெளிச்சக் கீற்று.

“என்னம்மா இது?”

“கூஜாங்க டீச்சர். அலமாரிக்குள்ள இருக்கு. சாவித் துவாரம் வழியா கொஞ்சம் வெளிச்சம் வருது.”

“வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தே?”

“ரப்பரால அழிச்சேங்க. அடுப்புக்கரியை எல்லாம் தீர்த்துட்டேன்னு உம்மா ஏசுனாங்க.”

அந்தப் படத்தை வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிக் காட்டி, மனம்விட்டுப் பாராட்டினேன். தலைமையாசிரியையிடமும் கொண்டுபோனேன். “மறுபடியும் கூஜாவா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் வகுப்பு முழுக்கக் கறுப்புத் தாள்கள், கரி படிந்த பாவாடைகள். மலைகளை ஒழித்து அந்த இடத்தில் இருட்டை வைத்திருந்தேன். அந்தப் பெண் மட்டும் ஒன்றும் வரையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நீ ஏம்மா வரையலை?”

“அதான் எல்லாரும் வரையிறாங்களே டீச்சர்.”

அன்றோடு பாராட்டுவதை நிறுத்தினேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் “ம், சரி” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும் முயற்சியை அவர்கள் கைவிடச் சில வாரங்கள் பிடித்தன. அதன் பிறகு மழையில் நனைந்த கழுதை வந்தது. திருவேட்டக்குடிக் கருவாட்டுக்குச் சண்டை போடும் காக்கைகள் வந்தன. பல் பிடுங்கிக்கொள்ளும் மாமா ஒருவர் வந்தார். பட்டினத்துப் பெண், அடுப்பு ஊதும் தன் உம்மாவின் முதுகை வரைந்து வந்தாள். அதற்கும் “ம், சரி” என்று மட்டும் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வருஷக் கடைசியில் தலைமையாசிரியை என்னைப் பற்றி, மாணவிகளை ஊக்குவிப்பதில் ஆர்வம் போதாது என்று எழுதினார்.

என் சொந்தப் படங்களுக்கும் இந்த வைத்தியம் பலிக்குமா என்று பார்க்க ஆசை வந்தது. “நான் வரையறதைப் பத்தி இனிமே நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க” என்று கணவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் “சரி” என்று சொல்லிப் பேப்பரைப் புரட்டினார். அதற்கு முன்பும் அவர் எதுவும் சொன்னதில்லை என்பது அப்புறம்தான் என் நினைவுக்கு வந்தது.