செல்வி அக்காவுக்காக நான் பேசிய சிங்களம்

இன்று காலை நுவரெலியாவில் ஒரு கூட்டம். ஏரிக்கரையில் குதிரைகள் மேயும் புல்வெளியை வாகனத் தரிப்பிடமாக்கப் போகிறார்களாம். பக்கத்திலேயே என் சாப்பாட்டுக் கடை இருப்பதால் நானும் போனேன்.

சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிப் பிழைக்கும் செல்வி அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு சிங்களம் சரியா வராது. நீங்க அய்யாகிட்ட சொல்லுங்க. அப்பா காலத்துலருந்து இங்கதான் மேய்க்கிறோம். இத எடுத்துட்டா குதிரைய வச்சிருக்கவே முடியாது. எங்களுக்கும் உரிமை இருக்குல்ல?"

நான் எழுந்து, கூட்டத்தை நடத்திய அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: "இடத்தைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறார்."

அங்கே வண்டிகளை நிறுத்தினால் என் கடைக்கு ஆள் வருமே.

அதிகாரி மூன்று மாதம் கொடுத்தார். விஷயம் புரியாத அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாருங்க பேசுவாங்க?"

கடைக்குத் திரும்பினேன். வேலை ஓடவில்லை. கூசிப்போய் மத்தியானம் அவரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவியபடி சொன்னார்:

"திங்கக்கெழம மறுபடியும் அய்யாவ பாப்போம். நீங்களே வந்து சரியா சொல்லுங்க. கூட சிங்களம் தெரிஞ்ச இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்க."

இதைப் படிக்கும் உங்களில், அந்த இன்னொருவராக யார் வருகிறீர்கள்?