ஓடைக்கு அந்தப் பக்கத்து அவரை

காலை ஏழரை மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் தளி பஸ் ஏறினேன். மார்கழிப் பனி. ஜன்னலோர இருக்கைகளைத்தான் எல்லோரும் காலியாக விட்டிருந்தார்கள். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக வந்தன. அவை ஓய்ந்த பிறகு முட்டைக்கோஸ் வயல்களும் ரோஜாவுக்குப் போட்ட வெள்ளைக் கூடாரங்களும் தெரிந்தன. தளி இருபத்தைந்து கிலோமீட்டர்தான். குளிரோ வேறு ஊர்க் குளிர்.

ஓர் அச்சகத்தில் லேபிள் வடிவமைப்பது என் வேலை. சொந்த ஊர் சிவகங்கை. இந்தப் பகுதி அவரைக்குப் புவிசார் குறியீடு வாங்க ஒரு விவசாயிகள் குழு முயன்றுகொண்டிருந்தது. இன்ன பொருள் இன்ன மண்ணுக்கே உரியது என்று சொல்லும் அரசு முத்திரை அது. கிடைத்தால் நல்ல விலை போகும். அதற்கு முன்பே பாக்கெட் போட்டு விற்க நினைத்தார்கள். அதற்குப் படமும் சிறு வீடியோவும் எடுக்கவே போனேன்.

தளியிலிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். “கடைசி வீடு வரைக்கும் விட்டுடறேன் மேடம். ஓடையத் தாண்டுனா கர்நாடகா” என்றார் ஓட்டுநர்.

அந்தக் கடைசி வீட்டு வாசலில் லட்சுமம்மாவும் அவர் தங்கை கௌரம்மாவும் ஒரே குண்டானில் கைவிட்டு, ஊறிய அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் லட்சுமம்மா, “நம்மூரு அவரெ...” என்று கன்னடத்தில் தொடங்கிச் சிரித்துவிட்டார்.

“தமிழ்ல சொல்லுங்கக்கா.”

மூன்று முறை முயன்றும் கன்னடமே வந்தது. கௌரம்மா உதவிக்கு வந்தார். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர், தமிழ் சரளம். “பனி விழுந்தாத்தான் மேடம் இதுக்கு வாசம். தோட்டத்துக்குக் கிட்ட வர்றப்பவே மூக்குக்குத் தெரியும். இது எங்கம்மா வீட்டு வெதை.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அம்மா வீடு எங்கக்கா?”

“ஓடைக்கு அந்தப் பக்கம். அக்காவ இங்க குடுத்தாங்க, என்னை அங்கயே குடுத்தாங்க.”

குழுச் செயலாளருக்குப் போன் செய்து, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தங்கைதான் நன்றாகப் பேசுகிறார் என்றேன். “அக்கா மட்டும் போதும்மா. கர்நாடகான்னு ஒரு வார்த்தை வந்தாலும் வம்பு. தங்கச்சிய நீக்கிடுங்க” என்றார். விதையே அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். “சரிங்க சார்” என்றேன்.

வீடியோவை அழித்தேன். “அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க. படத்துல நீங்க வரக்கூடாதாம்” என்றேன் கௌரம்மாவிடம்.

“ஏன்?” என்று லட்சுமம்மா கேட்டார். எல்லை, முத்திரை, விதிமுறை என்று எதையெதையோ சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

கௌரம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். வெயில் அவர் முதுகுப்புறம் இருந்தது. குண்டானைப் பார்த்துவிட்டு, “நெழல் விழுதா மேடம்?” என்று கேட்டு, மாட்டுக்கொட்டகை வரை போய் நின்றார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. லட்சுமம்மா அதன்பிறகு சிரிக்கவில்லை. அப்படியே எடுத்தேன். பனியையும் வாசத்தையும் பற்றி அவர் தங்கை சொன்னதைத்தான் பின்னால் பாக்கெட்டில் அந்தப் படத்துக்குக் கீழே அச்சடித்தோம். சொன்னவர் பெயர் போடவில்லை.

மதியம் இருவருமாகவே பரிமாறினார்கள். சுடச்சுடக் கேழ்வரகுக் களி, பிதுக்குப்பருப்புக் குழம்பு. தலை நிமிராமல் சாப்பிட்டேன். “இன்னும் கொஞ்சம்” என்று கௌரம்மாதான் ஊற்றினார்.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ் நிற்கும் ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர். “ஆனை எறங்கற நேரம். தனியாப் போகாதீங்க” என்று கௌரம்மா கூடவே வந்தார். அவர் வீட்டுக்கு எதிர்த்திசை அது. வழியில் தன் மருமகள் பிரசவம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும், “குழந்தை நல்லாருக்கா?” என்றுதான் கேட்டேன்.

பஸ் வந்தது. நான் ஏறியதும் அவர் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் சொன்னார்: “ஓசூர்ல பத்திரமா எறக்கி விடுங்கண்ணா. நம்ம வீட்டுக்கு வந்தவங்க.”

ஆறு வருடமாக ஓசூரில் இருக்கிறேன். இன்னும் வாடகை வீட்டு ஓனர்கூட என்னை ‘அந்த சிவகங்கைக்காரம்மா’ என்றுதான் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் முகம் சுருங்கியவள் நான். பஸ் நகர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அவருக்குக் கையசைக்க எனக்கு முகமில்லை.