கைதட்டினால் எழ வேண்டும்

மதுரையில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் தாளில் என் வலது முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு என்ன! கேள்வி கேட்டார், டிக் அடித்தார். சமதளத்தில் நடக்க முடிகிறதா? முடிகிறது. படி ஏற? ஏறுகிறேன். காரில் ஏறி இறங்க? எங்கள் தெருவில் காரே கிடையாது, அதற்கும் ஒரு டிக். வீக்கம் இல்லை, தைத்த ஜவ்வு ஒட்டிவிட்டது, ரிசல்ட் பிரமாதம் என்றார்.

"கீழ உக்காந்து எந்திரிக்க முடியலையே சார்" என்றேன்.

"ஏம்மா கீழ உட்கார்றீங்க? சேர்ல உட்காருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரையில் சம்மணம் போட்டு வெடிக்குத் திரி வைக்கிறவள் நான். அந்த ஜவ்வு கிழிந்ததே அப்படி உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வெடுக்கென்று எழுந்தபோதுதான். எங்கள் அறையில் நாலு பேர். நாற்காலி போட விடமாட்டார்கள். தீ என்றால் நாலு பேரும் வாசலுக்கு ஓட வேண்டும், குறுக்கே கிடக்கிற நாற்காலி காலை வாரிவிடும். இதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "பழகப் பழகச் சரியாகிரும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

எட்டு மாதம் வீட்டில் கிடந்தவள், அந்தத் தாளை நம்பி மறுநாளே கம்பெனி வேனில் ஏறினேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

எங்கள் போர்மேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றுவிட்டு வந்தாலும் சரி, காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் சரி, திரும்பி வருகிறவளை அவளுடைய கூட்டாளிகளோடு வெடிமருந்து இல்லாத காலி அறையில் உட்காரவைப்பார். திடீரென்று கை தட்டுவார். தட்டினதும் நாலு பேரும் வெளியே நிற்க வேண்டும். அவரிடம் டாக்டர் தாளை நீட்டினேன். வாங்கக்கூட இல்லை.

"அத அங்கன வைங்கக்கா. உக்காருங்க."

வலது காலைப் பாதி நீட்டியபடி உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்தோம். தட்டினார். மற்ற மூன்று பேரும் ஒரே பாய்ச்சலில் எழுந்து ஓடினார்கள். நான் கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, பாதியில் நின்றேன். பத்து வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், ஒரே தூக்குச்சட்டியில் என்னோடு சாப்பிடுகிறவள், வாசலைத் தாண்டிவிட்டாள். தாண்டியவள் திரும்பி உள்ளே ஓடிவந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

போர்மேனின் முகம் சுண்டிவிட்டது. "பாத்தீகளாக்கா? நிசமா வெடிச்சிருந்தா ரெண்டு பேரு போயிருப்பீக. நீங்களே சொல்லுங்க, ஒங்கள எப்படி உள்ள உக்கார வைக்க?"

எனக்கு அவர் மேல் ஆத்திரம். டாக்டர் மேல் ஆத்திரம். போர்மேன் சொன்னது சரி என்பதில் அதைவிட ஆத்திரம். எல்லாவற்றையும் தூக்கிவிட்டவள் மேலேயே கொட்டினேன்.

"எதுக்குடி திரும்பி வந்த? வீட்ல ரெண்டு புள்ளைக கெடக்கே, நெனப்பு இல்லையா?"

"பெறகு, ஒன்ன அங்கனயே விட்டுட்டா போகச் சொல்லுத?"

"ஆமாடி, விட்டுட்டுத்தான் போகணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் குனிந்து என் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். சரி என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். எத்தனை முறை கத்தினாலும் இவள் திரும்பித்தான் வருவாள் என்று தெரிந்துபோயிற்று. அவள் இருக்கிற அறையில் நான் இனி உட்கார மாட்டேன் என்று போர்மேனிடம் நானே சொன்னேன்.