வாயை மறைத்த கை

அக்கா என் கையில் அடித்த அடி இன்னும் நினைவில் இருக்கிறது. நடவு வயலிலிருந்து ஏறிவந்த சேற்றுக் கை அது. அடி விழுந்தபோது நான் சின்னப் பிள்ளை இல்லை. அரபிக்கடலையும் செங்கடலையும் பார்த்துவிட்டு வந்த மாலுமி.

திருவாரூர்ப் பக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஆண்டையிடம் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசவேண்டும். எங்கள் மூச்சு அவர்மேல் படக்கூடாதாம். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி ஏறிய காலம் அது. கோட்டையில் ஆட்சி மாறி, பேருந்து நிலையச் சுவர் முழுக்கச் சுயமரியாதை என்று எழுதியிருந்தார்கள். சுவர் மாறிய வேகத்தில் எங்கள் கை மாறவில்லை. அப்பா பொத்தினார், நானும் பொத்தினேன். அக்கா மட்டும் பொத்தமாட்டாள். திமிர் பிடித்தவள் என்றார்கள். இருக்கட்டும், அந்தத் திமிரில்தான் நான் பிற்பாடு கப்பல் ஓட்டினேன்.

பள்ளிப் படிப்போடு கடைநிலை மாலுமியாகச் சேர்ந்தவன் நான். கயிறு இழுத்து, துருச் சுரண்டி, போதிய கடற்பணிக் காலம் சேர்ந்ததும் அதிகாரி உரிமத்துக்கான தேர்வைச் சென்னையில் எழுதினேன். எழுத்தில் தேறிவிட்டேன். நேர்முகத் தேர்வில் ஒரு மூத்த கேப்டன், எதிரே கப்பல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னேன், வாயைப் பொத்திக்கொண்டு. "பதில் சரி. ஆனா சுக்கான் பிடிக்கிறவன் காதுல இது விழுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுமுறையும் தவறினால் ஆயுசுக்கும் கயிறுதான் என்று எனக்குத் தெரிந்தது.

கப்பலில் அதிகாரி உரக்கக் கட்டளை சொல்லவேண்டும். சுக்கான் பிடிப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். ஊருக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னேன். "இவ்வளவுதானா" என்றாள். மறுநாள் ஆண்டை வயலில் அவளுக்கு நடவு. என்னை வாய்க்காலுக்கு இக்கரையில் நிறுத்திவிட்டு அக்கரையில் நடப் போனாள். சுக்கானை இடப்பக்கம் பத்து பாகை திருப்பு என்பதற்கான கட்டளையை, "போர்ட் டென்" என்று கத்தினேன். குனிந்த தலை நிமிராமல் "போர்ட்டு டென்னு" என்றாள். என் குரல் இறங்கினால் பதிலே வராது. கொஞ்ச நேரத்தில் நடவுப் பெண்கள் எல்லோருமே திருப்பிச் சொல்லத் தொடங்கினார்கள். நடுவில் ஒருத்தி குலவையும் போட்டாள்.

சத்தம் கேட்டு ஆண்டையின் காரியக்காரர் குடையோடு என் பக்கத்து வரப்பில் வந்து நின்றார். "யாரடா அதட்டுற?" என்றார். என் கை தானாக வாய்க்குப் போனது. அக்கா வாய்க்காலில் இறங்கி ஏறிவந்து அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"கப்பல அதட்டுறான். நீங்க குறுக்க நிக்கிறீங்க, செத்த ஒதுங்குங்க."

"நீ இனிமே இந்த வயல்ல கால் வைக்காத."

அக்கா சேலைச் சேற்றை வாய்க்காலில் அலசினாள். அதைப் பார்த்த மற்ற பெண்களும் ஒருவர்பின் ஒருவராகக் கரையேறினார்கள். பறித்துக் கட்டிய நாற்று முடி முடியாக வயலில் கிடந்தது. அன்றைக்கே நடாவிட்டால் அத்தனையும் வீண். காரியக்காரர் நாற்றைப் பார்த்தார், ஏறி நின்ற பெண்களைப் பார்த்தார். "சரி சரி, நடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அக்கா திரும்ப வயலில் இறங்கி, "ம், சொல்லுடா தம்பி" என்றாள். அன்று நான் கத்திய கத்தலில் ஆண்டை வீட்டு மாடி சன்னல் திறந்தது. நான் நிறுத்தவில்லை.

அடுத்த நேர்முகத்தில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். அதே கேப்டன்தான். "வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்" என்று சிரித்துத் தேர்ச்சி கொடுத்தார்.

நானும் கேப்டனாகி ஓய்வு பெற்றுவிட்டேன். அக்காவுக்குக் காது மந்தம். அவளோடு பேசினால் தெருவுக்கே கேட்கும். போன வாரம், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "வயசானவங்கள ஏன் சார் இப்படி அதட்டுறீங்க?" என்றார். கூச்சத்தில் என் வலது கை பாதி தூரம் வாய்க்குப் போய்விட்டது. அவர் சொன்னது அக்காவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் கையைப் பார்த்துவிட்டாள். பழைய இடத்திலேயே அடி விழுந்தது.