கறுப்புக் கண்ணாடிக்குள் பவர்

எகிப்தில், நைல் நதியோர மின்யாவின் கிழக்குக் கரையில் மலை முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். வெயில் ஏறினால் கல்லிலிருந்து எழும் ஒளி கண்ணைக் குத்தும். அதனால் குவாரியில் எல்லோரும் முகத்தைத் துணியால் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்போம். பவர் கண்ணாடியை மட்டும் யாரும் போடமாட்டோம். போட்டால், கண் போனவன் என்று கல் அறுக்கும் மிஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். வேறு குவாரியும் சேர்க்காது. தெளிவாகப் பார்க்கிறவனை விரட்டிவிட்டு, மங்கலாகப் பார்க்கிறவன் கையில் ரம்பச் சக்கரத்தைக் கொடுப்பதற்கு இங்கே ஒழுங்கு என்று பெயர்.

என்னோடு வேலைபார்த்த ஷஹாத்தாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கியது. சக்கரத்தின் பல் எது, அறுக்கவேண்டிய கோடு எது என்று பிரித்தறிய முடியவில்லை. கண்ணேறு என்று அவன் மனைவி நஜாத் நீல மணி கட்டிவிட்டாள். மணி என்ன மருத்துவரா? கடைசியில் டவுனுக்குப் போய், பவர் கண்ணாடிக்கே கறுப்பேற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். என்னிடம் மட்டும் சொன்னான்.

அதன்பின் ரொட்டி தின்னும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. "பொண்டாட்டி மூஞ்சியையும் இதோடதான் பாப்பியா மாப்ள?" என்று பயல்கள் கிண்டல் செய்வார்கள். அவன் சிரிப்பான், கை மட்டும் கண்ணாடிக் காம்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் மேஸ்திரி துசூகியின் கறுப்புக் கண்ணாடி கல்லில் விழுந்து உடைந்தது. மலையில் மேஸ்திரி யாருடைய கண்ணாடியையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஷஹாத்தாவின் முகத்திலிருந்து உருவி மாட்டிக்கொண்டார். ஓரடி வைத்ததும் தடுமாறி, மிஷின் ஓடும் தண்டவாளத்தில் கையூன்றினார். கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளாடா குருடன்?"

"இதப் போட்டா நல்லாத் தெரியுது மேஸ்திரி."

"தெரிஞ்சா சரி." கண்ணாடியை அவன் கையில் திருப்பிப் போட்டார். "நாளைலேர்ந்து மூணாம் மிஷின் உனக்கு."

மூன்றாம் மிஷினில் சக்கரத்துக்கு மூடி கிடையாது. மின்கம்பியில் தோலும் கிடையாது. எங்களோடு வேலைபார்த்த மக்ரம் அதில் காலை இழந்தபிறகு, எவ்வளவு மிரட்டியும் யாரும் அதைத் தொடவில்லை. இனி மிரட்டவே வேண்டாம். மாட்டேன் என்று சொல்ல முடியாத ஒருவன் கிடைத்துவிட்டான்.

முடியாது என்று சொல்லிவிடு, நானும் கூட வந்து நிற்கிறேன் என்றேன். அப்புறம் எந்தக் குவாரி என்னைச் சேர்க்கும் என்று கேட்டான்.

மறுநாள் காலை கண்ணாடியை ஊதித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் மிஷின் முன் நின்றான். வெறும் செம்புக் கம்பி ஈர மண்ணில் கிடந்தது.

"எல்லாமே தெரியுதுடா," என்றான். பிறகு சுவிட்சைப் போட்டான்.